வீட்டுக் குரலில் ஏட்டுத் தமிழ்

தமிழ்க் குழந்தை தாயின் மடியிலிருந்து கேட்டுப் பழகும் தமிழ் ஒன்று. பின்னர் ஐந்தாவது வயதிலோ ஆறாவது வயதிலோ புத்தகத்தைத் திறக்கும்போது அதன் எதிரே வந்து நிற்கும் தமிழ் மற்றொன்று. வீட்டில் ‘பாத்துக்கிட்டு இருந்துச்சு’ என்று கேட்ட செவி, ஏட்டில் ‘பார்த்துக்கொண்டிருந்தது’ என்ற நீண்ட தொடரைச் சந்திக்கிறது; ‘வேணும்’ என்று அடம்பிடித்து வாங்கிய வாய், ‘வேண்டும்’ என்று எழுத்துக்கூட்ட நேர்கிறது. சொல் மாத்திரமன்று, வாக்கியத்தின் போக்கே வேறுபடுகிறது: பேச்சில் சின்னச் சின்னத் துணுக்குகளாக வந்து விழும் செய்தி, எழுத்தில் எச்சத்தின்மேல் எச்சமாகத் தொடுக்கப்பட்டு, கடைசியில் வரும் ஒரு வினைமுற்றுக்காக வாசகனைக் காத்திருக்கச் செய்கிறது. பல ஆண்டுப் பழக்கத்தினால் பெரியவர்களாகிய நாம் இவ்வேற்றுமையை உணர்வதே இல்லை. குழந்தையோ, எழுத்துக்களின் வரிவடிவம், அவ்வடிவங்களுக்குரிய ஒலி, இதுவரை யாரும் தன்னோடு பேசியறியாத ஒரு மொழிநடை என்னும் மூன்றையும் ஒரே காலத்தில் கற்கவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகிறது.

சிறு குழந்தைகளிடம் வாசிப்பின்மேல் பிரியத்தை வளர்ப்பது எப்படி என்ற கேள்வியைத் தமிழ்ப் பெற்றோர் எழுப்பும்போது, முதலில் கவனிக்கவேண்டியது இந்த நிலைமையைத்தான் என்பது என் திடமான அபிப்பிராயம். நல்ல புத்தகம் கிடைப்பதில்லை, வேலை முடிந்து வந்தால் நேரம் இல்லை, கைப்பேசி குழந்தைகளின் மனத்தைக் கவர்ந்துகொண்டுவிட்டது என்பன போன்ற முறையீடுகளில் உண்மை இல்லாமலில்லை; ஆயினும் அவை எந்நாட்டுப் பெற்றோருக்கும் பொதுவானவை. நமக்கென்று ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. அதற்குப் பரிகாரமும் நம் வீட்டிலேயே, தாய் தந்தையரின் குரலிலேயே இருக்கிறது. எழுத்தறிவதற்கு முன்பே, தனக்குப் பிரியமான ஒருவரின் வாயால் ஏட்டுத் தமிழை மீண்டும் மீண்டும் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அந்தத் தமிழ் அந்நியமாகத் தோன்றுவதில்லை. பின்னால் அது தானே எழுத்துக்கூட்டி எட்டிப் பிடிப்பது, தன் காது முன்னரே அறிந்து அனுபவித்த ஒரு பழகிய நடையைத்தான்.

இது வெறும் ஊகமன்று. ஒரே சமுதாயத்தில் அன்றாடப் பேச்சுக்கு ஒரு வழக்கும், எழுத்துக்கும் சபைக்கும் மற்றொரு வழக்குமாக மொழி இரண்டு நிலைகளில் வழங்கும் தன்மையை, சார்லஸ் ஃபெர்குஸன் என்ற அமெரிக்க மொழியியலறிஞர் 1959-இல் விரிவாக விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட முக்கிய உதாரணங்களுள் ஒன்று அரபு மொழி. அரபுக் குழந்தை வீட்டில் பேசுவது அந்தந்த வட்டாரத்துப் பேச்சரபு. புத்தகத்தில் காண்பது இலக்கிய அரபு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் பெரிதாகையால், பள்ளிப் பருவத்துக்கு முந்திய குழந்தைகளுக்கு இலக்கிய அரபில் கதை படிப்பது வீண் பாரம் என்ற எண்ணம் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஆழமாக வேரூன்றியிருந்தது. இஸ்ரேலில் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீனா ஃபைட்டல்ஸனும் அவருடைய துணை ஆய்வாளர்களும் இந்த எண்ணத்தை நேராகச் சோதித்துப் பார்த்து, 1993-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அரபுக் குழந்தைகள் பயிலும் பாலர் பள்ளிகள் சிலவற்றில் இலக்கிய அரபிலேயே கதைகள் ஒழுங்காக வாசிக்கப்பட்டன; மற்றும் சிலவற்றில் வழக்கமான பயிற்சிகளே நடந்தன. சில மாதங்களுக்குப்பின் பரீட்சித்தபோது, கதை கேட்ட குழந்தைகள் இலக்கிய மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்வதிலும், படங்களைப் பார்த்துத் தாமே கதை தொடுத்துச் சொல்வதிலும் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். பெரியவர்கள் எதைக் கண்டு பயந்தார்களோ, அதைக் குழந்தைகள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

தமிழ் வீடுகளில் கதை வாசிக்கும் நல்லெண்ணம் உடைய பெற்றோர் பலர் இன்றும் செய்துவரும் ஒரு காரியத்தை இந்த ஆராய்ச்சியின் வெளிச்சத்தில் மறுபரிசீலனை செய்வது நலம். புத்தகத்தில் உள்ள வாக்கியத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, குழந்தைக்குப் புரியாது என்ற பரிவினால், அதை உடனுக்குடன் பேச்சுத் தமிழாக மாற்றிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். கதை குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது என்பது வாஸ்தவமே. ஆனால் புத்தகம் போய்ச் சேர்வதில்லை. அச்சில் உள்ள வாக்கியத்தை அச்சில் உள்ளபடியே, நிதானமாக, உணர்ச்சியோடு, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிக்கவேண்டும். வாசித்தபின் அதைப்பற்றிக் குழந்தையோடு பேசுவது வீட்டுப் பேச்சிலேயே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஒரு சொல் விளங்காவிட்டால் குழந்தை கேட்கும். கேட்காவிட்டால் கதையின் ஓட்டமும் படமும் குரலின் ஏற்றத் தாழ்வும் அதைப் பெரும்பாலும் விளக்கிவிடும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கச்சொல்லிக் குழந்தைகள் வற்புறுத்துவது பெரியவர்களுக்குச் சலிப்பூட்டினாலும், மூன்றாவது முறை புரியாத தொடர் பத்தாவது முறையில் அந்தக் குழந்தையின் சொந்த வாயிலேயே வந்துவிடுவதை வீட்டில் கவனித்தவர்கள் அறிவார்கள்.

பேச்சும் எழுத்தும் தமிழில் உள்ள அளவுக்கு விலகி நில்லாத ஆங்கிலத்திலேயே இந்த விஷயத்தின் கனம் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. டொனால்டு ஹேய்ஸ், மார்கரெட் ஆரன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1988-இல் வெளியிட்ட கணக்கின்படி, குழந்தைகளுக்கான புத்தகங்களில் 1,000 சொற்களுக்கு ஏறக்குறைய 31 அபூர்வமான சொற்கள் வருகின்றன. கல்லூரிப் படிப்புள்ள பெரியவர்கள் தங்களுக்குள் உரையாடும்போது வருபவை சுமார் 17 மட்டுமே. எவ்வளவு கல்வியுடைய தாய் தந்தையரானாலும், அவர்களுடைய வெறும் பேச்சைக் காட்டிலும் ஒரு சாதாரணக் குழந்தைக் கதைப் புத்தகம் சொல்வளத்தில் செழிப்பானது என்று இதிலிருந்து தெரிகிறது. தங்கள் படிப்புக் குறைவை எண்ணிக் கூச்சப்படுகிற பெற்றோருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு இராது.

வாய்விட்டுப் படித்துக் காட்டுவதன் மகத்துவத்தை ஆராய்ச்சி உலகம் நெடுநாளாக அறியும். எட்மண்ட் ஹியூயி என்ற உளவியலறிஞர் 1908-இல் எழுதிய, வாசிப்பின் உளவியலைப் பற்றிய தமது பெருநூலிலேயே, குழந்தை இயல்பாக வாசிப்பவனாவதன் ரகசியம் பெற்றோர் அவனுக்கும் அவனோடும் சேர்ந்தும் படிப்பதில் அடங்கியிருப்பதாகக் கருதினார். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், 1958-இல், டோலோரெஸ் டர்க்கின் என்ற அம்மையார் கலிஃபோர்னியாவில் ஓக்லண்டு நகரத்துப் பள்ளிகளில் முதல் வகுப்பில் சேர வந்த 5,103 குழந்தைகளைப் பரிசோதித்து, பள்ளிக்கூடத்தின் உதவியில்லாமலே வாசிக்கக் கற்றிருந்த 49 பேரைக் கண்டுபிடித்தார். அவர்கள் எல்லாரும் அசாதாரண மேதைகளாகவோ பணக்கார வீட்டுப் பிள்ளைகளாகவோ இருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம், அப்படியில்லை. தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்களில் பலர். அவ்வீடுகளில் அவர் கண்ட பொதுத் தன்மைகள் மிக எளியவை: யாரோ ஒருவர் குழந்தைக்குத் தவறாமல் வாசித்துக் காட்டினார், காகிதமும் பென்சிலும் கைக்கெட்டும் இடத்தில் கிடந்தன, சுவரிலோ மூலையிலோ ஒரு சிறு கரும்பலகை இருந்தது, குழந்தை கேட்ட கேள்விக்கு, ‘இது என்ன எழுத்து, அங்கே என்ன போட்டிருக்கிறது’ என்ற கேள்விக்கு, அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். அந்த ஆள் பல வீடுகளில், பள்ளிக்கூட விளையாட்டு விளையாடிய அக்காளாகவே இருந்தது என்னை மிகவும் கவர்ந்த செய்தி.

ஆனால் வாசித்துக் காட்டுவது என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடைபெறக்கூடும். குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவரைச் சேர்ந்தோரும் நியூயார்க் மாநிலத்தில் நடத்தி 1988-இல் வெளியிட்ட சோதனை இதை அழகாக விளக்குகிறது. இரண்டு முதல் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையுடைய முப்பது குடும்பங்களை அவர்கள் இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினருமே தங்கள் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுகிறவர்கள். நாள்தோறும் படித்த அளவிலும் வித்தியாசம் இல்லை. ஒரு பிரிவுப் பெற்றோருக்கு மட்டும், படிக்கும்போது குழந்தையை எப்படிப் பேச வைப்பது என்று சிறிது பயிற்சி அளிக்கப்பட்டது. ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைக் குறைத்து, ‘இங்கே என்ன நடக்கிறது’, ‘இது ஏன் அழுகிறது’ என்று விரியும் கேள்விகளைக் கேட்பது. குழந்தை சொல்லும் அரைகுறைப் பதிலை வாங்கிக்கொண்டு அதைச் சற்று விரித்துத் திருப்பித் தருவது. குழந்தையின் விரல் எந்தப் படத்தில் போய் நிற்கிறதோ அதையே பின்தொடர்வது, இவ்வளவுதான் பயிற்சி. நான்கே வாரத்தில், பேச்சுத் திறனை அளக்கும் பரீட்சைகளில் இக்குழந்தைகள் மற்றப் பிரிவினரைக் காட்டிலும் ஏறக்குறைய 6 முதல் 8 மாத வளர்ச்சி முந்தியிருந்தார்கள். பின்னர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய மாணவர்களும் ஏழைக் குழந்தைகளிடையிலும் மெக்ஸிகோவிலும் இம்முறையைப் பரீட்சித்தபோதும் பலன் கிட்டிற்று.

நம் வீட்டில் இது எப்படியிருக்கும்? படத்தைக் காட்டி ‘நாய் ஓடுது’ என்கிறது குழந்தை. ‘ஆமா கண்ணு, கறுப்பு நாய் பூனையைத் துரத்திக்கிட்டு ஓடுது. பூனை இப்ப எங்க போய் ஒளியும்?’ என்கிறார் அப்பா. குழந்தை கட்டிலைக் காட்டுகிறது, அலமாரியைக் காட்டுகிறது, தன் முதுகுக்குப் பின்னால் என்கிறது. பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னரே அது பாதிக் கதையைத் தானே எழுதிவிடுகிறது. இந்தச் சம்பாஷணையைப் பரீட்சையாக மாற்றிவிடக் கூடாது. ‘இந்தக் கதையினால் அறியும் நீதி யாது’ என்று ஒவ்வொரு கதையின் முடிவிலும் குழந்தையை நிறுத்தி வைத்துக் கேட்பது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். அரிச்சுவடியோடு ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் சேர்த்துப் புகட்டிய திண்ணைப் பள்ளிகளின் மிச்சம் அது. நீதி நூல்களுக்கு உரிய கௌரவம் இருக்கிறது. அவற்றை இராகத்தோடு சொல்லி மகிழ்ந்த குழந்தைகளும் உண்டு. ஆனால் கதையில் மனம் இலயித்திருக்கும் குழந்தையை அதிலிருந்து வெளியே இழுத்து விடை சொல்லச் செய்வது, அடுத்த கதையைத் திறக்கும்போதே அதன் மனத்தில் ஓர் எச்சரிக்கையை உண்டாக்கிவிடுகிறது.

எழுத்துக் கற்பிப்பதும் கதை படிப்பதும் ஒன்றுக்கொன்று பதிலாக நிற்கக்கூடியவை என்று நினைப்பதும் பிழை. கானடாவில் மோனிக் ஸெனெஷால், ஜோ-ஆன் லெஃபெவர் என்ற இரு ஆய்வாளர்கள் 168 குழந்தைகளை ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து 2002-இல் எழுதியதை இங்கே குறிப்பிடவேண்டும். வீட்டில் எழுத்துக்களைச் சொல்லிக்கொடுத்த பெற்றோரின் பிள்ளைகள் எழுத்தறிவில் முந்தினார்கள். கதை படித்துக் காட்டிய பெற்றோரின் பிள்ளைகள் சொல்வளத்திலும் கேட்டறியும் திறனிலும் முந்தினார்கள். இவ்விரண்டு வழக்கங்களும் ஒரே வீட்டில் சேர்ந்து காணப்பட்டே தீரும் என்ற நியதி இல்லை. தொடக்க வகுப்பில் எழுத்துக் கற்றவன் முந்துகிறான். மூன்றாம் வகுப்பை எட்டும்போது, வாக்கியத்தின் பொருளை எட்டிப் பிடிக்கவேண்டிய கட்டத்தில், கதை கேட்டு வளர்ந்தவனின் செல்வம் வெளிப்படுகிறது. ஸெனெஷால் பின்னர் பிரெஞ்சு மொழிக் குழந்தைகளிடம் ஆராய்ந்தபோது, சிறு வயதில் கதைப் புத்தகங்களோடு பழகியவர்கள் நான்காம் வகுப்பில் தங்கள் சந்தோஷத்துக்காகவே அதிகமாகப் படிப்பதையும் கண்டார்.

தமிழில் இதற்குக் கூடுதலான முக்கியத்துவம் உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துக்களைக் கண்ணும் கையும் பழகவேண்டியிருக்கிறது. கன்னட எழுத்தைக் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இவ்வகை எழுத்து முறைகளில் எழுத்தறிவு ஓரிரு ஆண்டில் முடிந்துவிடாமல் தொடக்கப் பள்ளியின் பல வகுப்புகள்வரை நீள்வதை எடுத்துக்காட்டியிருக்கிறார். உகரக் குறிகளும் ஊகாரக் குறிகளும் மெய்க்கு மெய் வடிவம் மாறும் தமிழிலும் குழந்தை அந்த நீண்ட காலத்தைக் கடந்தாகவேண்டும். விஜயதசமியன்று நெல்லில் விரல் பிடித்து ‘அ’ எழுதிய உற்சாகம் அவ்வளவு தூரம் தாங்காது. கதைகளில் ஊறிய குழந்தைக்கோ இந்தப் பிரயாசையின் மறு கரையில் என்ன காத்திருக்கிறது என்று தெரியும். ஆகையால் அது பொறுத்துக்கொள்கிறது.

பெற்றோரின் பழக்கம் எவ்வளவு நுட்பமாகக் குழந்தையின் வாசிப்பைப் பாதிக்கிறது என்பதற்கு நான் அறிந்தவரையில் மிகச் சிறந்த சித்திரம் ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற மானிடவியலறிஞர் 1983-இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. அமெரிக்காவின் கரோலினா மாநிலப் பிரதேசத்தில் பஞ்சாலைத் தொழிலை நம்பி வாழ்ந்த இரண்டு குடியிருப்புகளில், ஏறக்குறைய பத்தாண்டுகள் மக்களோடு மக்களாகப் பழகி அவர் எழுதியது அது. ரோட்வில் என்று அவர் பெயரிட்ட வெள்ளையர் குடியிருப்பில் குழந்தைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார்கள். இரவில் படித்தும் காட்டினார்கள். ஆயினும் அவர்கள் கேள்விகள் ‘இது என்ன, இதன் நிறம் என்ன’ என்பதற்கு அப்பால் போகவில்லை. குழந்தை சற்று வளர்ந்ததும் குறுக்கே பேசாமல் கேட்கவேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்துவிட்டது. புத்தகத்தில் கண்டதை வாழ்க்கையில் கண்டதோடு சேர்த்துப் பேசும் வழக்கமும் இல்லை. டிராக்டன் என்ற கறுப்பர் குடியிருப்பில் படுக்கைநேரக் கதைப் புத்தகமே கிடையாது. ஆனால் வாசலில் கூடிக் கதை கட்டிச் சொல்வதிலும், ஒன்றை வேறொன்றோடு ஒப்பிட்டுப் பேசுவதிலும் அக்குழந்தைகள் சமர்த்தர்கள். முதற் குடியிருப்புப் பிள்ளைகள் ஆரம்ப வகுப்புகளில் நன்றாகவே படித்து, காரண காரியம் கேட்கும் மேல் வகுப்புகளில் பின்தங்கினார்கள். இரண்டாவது குடியிருப்புப் பிள்ளைகளின் கற்பனைச் செல்வத்துக்குப் பள்ளியில் மதிப்பே கிடைக்கவில்லை. தமிழகத்துக் கிராமத்து வாசலையும் நகரத்து அடுக்கு மாடி வீட்டையும் ஒருங்கே அறிந்தவர்கள் இந்த இரண்டு சித்திரங்களிலும் நம் முகத்தையே காண்பார்கள். பாட்டி கதை சொல்லும் வீட்டில் புத்தகம் இல்லை; புத்தகம் குவிந்திருக்கும் வீட்டில் கதை பேசுவார் இல்லை.

இவ்விரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்த ஒரு மரபு நமக்கு இருந்தது. இராமாயணத்தையும் பாரதத்தையும் பெரிய எழுத்துப் பதிப்புகளாக வந்த விக்கிரமாதித்தன் கதையையும் நல்லதங்காள் கதையையும் எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, திண்ணையிலும் முற்றத்திலும் கூடியிருந்தோர் கேட்டார்கள். கேட்டோரின் நடுவே குழந்தைகளும் இருந்தார்கள். தனியே உட்கார்ந்து மௌனமாகப் படிக்கும் பழக்கம் நாவல்களோடு சேர்ந்து நம்மிடையே பரவிய வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். அந்த மாறுதலுக்குப் பின்னும் பழைய வழக்கம் முற்றிலும் அற்றுப்போகவில்லை. 1950 முதல் 1954 வரை கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ தொடர்ந்து வெளிவந்த காலத்தில், இதழை வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டதைப் பல குடும்பத்தார் நினைவு கூர்வதுண்டு. அதே காலம் குழந்தை இதழ்களுக்கும் பொற்காலமாக இருந்தது. 1947-இல் அம்புலிமாமா தோன்றிற்று. 1950-இல் கலைமகள் நிலையத்திலிருந்து கண்ணன் வரத் தொடங்கிற்று. அதே ஆண்டில் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைந்தது. பின்னர், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. இவ்வெளியீடுகளின் நடை ஏட்டுத் தமிழேயாயினும் குழந்தையின் மூச்சுக்கு அளந்து வெட்டிய சிறு வாக்கியங்களால் ஆனது. எழுத்து வழக்கின் வாசலில் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லத் தகுந்தது. தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் முதலியோர் இன்று வெளியிடும் படக் கதைகளிலும் அத்தகைய நடையைக் காணலாம். பெற்றோர் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது படத்தின் பளபளப்பைப் பார்ப்பதற்குமுன் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது. வாயில் தடுக்கும் மொழிபெயர்ப்புத் தமிழ் குழந்தையின் காதிலும் தடுக்கவே செய்யும்.

எழுத்தறியாத பெற்றோர் என்ன செய்வார்கள் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போவது நியாயமாகாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பகலெல்லாம் கல் உடைத்தும் வயலில் உழைத்தும் களைத்த பெண்கள் இரவு விளக்கொளியில் எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அத்தகைய தாய்மார்கள் தங்கள் குழந்தையின் பக்கத்தில் புத்தகத்தோடு உட்காரத் தகுதியற்றவர்கள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? வைட்ஹர்ஸ்ட் காட்டிய வழிக்கு எழுத்தறிவு அவசியமே இல்லை. படத்தைப் பார்த்துக் கேட்கவும், கேட்டதை விரித்துச் சொல்லவும் தெரிந்தால் போதும். அச்சிட்ட வரிகளை அண்டை வீட்டு அக்காளோ பள்ளிக்குப் போகும் அண்ணனோ வாசிக்கலாம். 2023-இல் தமிழகப் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளில் சிறு சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்கு அளித்தது. அவ்வளவு எளிய புத்தகத்தை மகள் உரக்கப் படிக்க, அடுப்படியிலிருந்து தாய் ‘அப்புறம்?’ என்று கேட்பதும் வீட்டு வாசிப்புத்தான். அந்த ‘அப்புறம்’ என்ற ஒரு சொல்லின் பலத்தைப் படித்த பெற்றோர் குறைவாக மதிப்பிடுகிறார்கள்.

பரிசு கொடுத்துப் படிக்கத் தூண்டலாமா? பத்துப் புத்தகம் முடித்தால் சாக்லேட், இருபது முடித்தால் சைக்கிள் என்று ஆசை காட்டும் வீடுகள் பெருகிவருகின்றன. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகிய மூவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பாலர் பள்ளியில் நடத்தி 1973-இல் வெளியிட்ட சோதனையில், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்த குழந்தைகள், ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் ஒன்றும் சொல்லாத வேளையில், முன்போல் பேனாவை நாடவில்லை; பரிசைப்பற்றி எதுவும் கேள்விப்படாத குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரமே அவர்கள் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இந்தக் குறைவு தோன்றவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆகவே ஒரு புத்தகத்தை முடித்த குழந்தையைத் தட்டிக்கொடுப்பதில் தீங்கில்லை. முடித்தால் இன்னது கிடைக்கும் என்று பேரம் பேசுவதே தீங்கு. பேரத்துக்குத் தகுந்த பரிசு தேவையென்றால், அது இன்னொரு புத்தகமாகவோ, இரவில் இன்னும் பதினைந்து நிமிஷம் விளக்கை அணைக்காமல் விடும் சலுகையாகவோ இருக்கட்டும்.

வீட்டில் புத்தகம் இருப்பதே ஒரு சக்தி என்பதற்கு மரையா எவன்ஸ் முதலியோர் 27 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி சான்று தருகிறது. பெற்றோரின் கல்வி, தொழில் முதலிய வேற்றுமைகளைக் கழித்துப் பார்த்த பின்னும், 500 புத்தகங்கள் உள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் அதிகம் படித்தார்கள். வெறும் அலமாரி இந்த அற்புதத்தைச் செய்வதில்லை, அலமாரியை வைத்துக்கொள்ளும் மனப்பான்மையே செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியாயினும் 500 புத்தகம் வாங்க எல்லாராலும் இயலாது. நூலகம் அதற்காகத்தான் ஏற்பட்டது. 1931-இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பெரியவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் நூலகவியலறிஞர் சீ. இரா. அரங்கநாதன். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் நிறைவேறிற்று. அதன்படி இன்றுவரை நாம் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். கட்டிய பணத்துக்குரிய பயனைக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெற்றுக்கொள்ளும் பெற்றோர் எத்தனை பேர்? கிளை நூலகத்தில் குழந்தைப் புத்தகங்கள் பூட்டிய அலமாரியில் இருந்தால் திறக்கச் சொல்லவும், வாரம் ஒருமுறை சந்தைக்குப் போவதுபோல் அங்கே போவதை வழக்கமாக்கிக்கொள்ளவும், எந்தப் புத்தகத்தை எடுப்பது என்ற தீர்மானத்தைக் குழந்தையிடமே விட்டுவிடவும் வேண்டும். அது எடுக்கும் புத்தகம் நமக்கு அற்பமாகத் தோன்றினாலும் குற்றமில்லை.

குழந்தை தானே படிக்கக் கற்றவுடன் பெற்றோர் படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுவது எங்கும் காணும் வழக்கம். இனி அவனே படித்துக்கொள்வான் என்ற பெருமிதத்தில் அது நடக்கிறது. ஆனால் இரண்டாம் வகுப்புக் குழந்தை தானே படித்துப் புரிந்துகொள்ளும் புத்தகத்துக்கும், பிறர் வாசிக்கக் கேட்டுப் புரிந்துகொண்டு ரசிக்கக்கூடிய புத்தகத்துக்கும் இடையே மிகுந்த தூரம் இருக்கிறது. தாமஸ் ஸ்டிக்ட் முதலியோர் 1984-இல் பழைய ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து நோக்கியபோது, படித்தறியும் திறன் கேட்டறியும் திறனை எட்டிப் பிடிப்பது ஏழாவது எட்டாவது வகுப்பு அளவில்தான் என்று கண்டார்கள். அதுவரையில் குழந்தையின் கைக்கு எட்டாத நடையுள்ள கதைகளைப் பெற்றோரின் குரலே அதன் செவிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கமுடியும். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் குழந்தை என்று மாறி மாறிப் படிக்கலாம். அத்தியாயத்தின் சுவையான கட்டத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைக் குழந்தையின் தலைமாட்டிலேயே விட்டுவரலாம். பத்து வயதுப் பையனுக்கு ‘பொன்னியின் செல்வ’னின் முதல் அத்தியாயத்தை அப்பா படித்துக் காட்டத் தொடங்கினால், வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் பையன் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடவும் கூடும், போகாவிட்டால் மறுநாள் இரவும் அப்பாவே படிக்கவேண்டியதுதான்.